ஐயா பேரில் எடுத்த படம்

வள்ளியம்மைக்கு வயிற்றில் ரகசியம் தங்காது என்பது கொத்தங்கரை மேலத்தெருவில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்க்கும் மகன் செந்தில்குமார், தன் பெண்டாட்டி முழுகாமல் இருப்பதைப் போனில் சொல்லி, "மூணு மாசம் போவட்டும்மா, யாருகிட்டயும் மூச்சு விடாத" என்றான். அவளும் மூச்சு விடவில்லை. பால்காரரிடம், "பங்குனிக்கு மேல அரை லிட்டர் சேத்து ஊத்தணும், இப்பவே சொல்லிட்டேன்" என்று மட்டும்தான் சொன்னாள். சாயங்காலத்துக்குள் சேதி பாபநாசம் போய்ச் சேர்ந்து, அங்கே வளையல் கடை வைத்திருக்கும் ஒன்றுவிட்ட நாத்தனார் போன் பண்ணி எத்தனையாவது மாசம் என்று கேட்டுவிட்டாள்.

அப்படிப்பட்டவள் ஒரே ஒரு ரகசியத்தை ஐந்து மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு காப்பாற்றினாள். அந்த ஒன்றையும் வழக்கம்போல வாய்தவறிக் கொட்டியிருந்தால் வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துத் தெரு ஐயாவு இன்றைக்கு இந்த நிலைமையில் கிடக்கமாட்டார்.

புரட்டாசி கடைசி வாரம். குறுவை விளைந்து நின்றது. தினமும் மத்தியானத்துக்கு மேல் வடகிழக்கில் கருத்துக்கொண்டு வரும், நாலு தூறல் போட்டுக் கலைந்துவிடும். மழை முந்துமா அறுப்பு வண்டி முந்துமா என்று ஊரே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் பள்ளிக்கூட மைதானத்தில் நெஞ்சைப் படம் எடுக்கும் வேன் வந்து நின்றது.

வேனின் அருமை பெருமைகளை வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு வந்தவள் மதிவதனி. சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரை எல்லாம் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிற பெண். அந்த வேலைக்கு வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. அதற்குள் யார் வீட்டில் யார் மாத்திரையைத் தின்னாமல் கொல்லையில் எறிகிறார்கள் என்பது வரைக்கும் தெரிந்து வைத்திருந்தாள்.

"படம் எடுத்த உடனே கம்ப்யூட்டரே பாத்துச் சொல்லிடும்மா. டாக்டரு வந்து பாக்கற வரைக்கும் காத்துக் கெடக்க வேணாம். லட்சக்கணக்கான நெஞ்சைப் பாத்துப் பாத்துப் படிச்ச கம்ப்யூட்டரு. நம்ம கண்ணுக்குத் தெரியாத புள்ளி இருந்தாக்கூட கட்டம் கட்டிக் காட்டிடும்."

"நெஞ்சுல இருக்கறதெல்லாம் காட்டுமா?" என்று கேட்டாள் வள்ளியம்மை. "அப்ப எங்க நாத்தனாள ஒரு தடவை நிக்க வச்சுப் பாக்கணும். என்னதான் வச்சிருக்கான்னு எனக்குத் தெரிஞ்சாவணும்."

"சிரிக்காதீங்கம்மா. சுகர் உள்ளவங்க கட்டாயம் எடுக்கணும். லிஸ்டுல அறுபத்தஞ்சு பேரு. முப்பது பேருகூட வரல. என்னையத்தான் கேப்பாங்க. ஐயாவை எப்படியாவது அனுப்பி வைங்க."

ஐயா என்பது வள்ளியம்மையின் வீட்டுக்காரர் பஞ்சநதம். பதினைந்து மா நிலம், பத்து வருஷத்துச் சுகர், ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கமாட்டேன் என்கிற வைராக்கியம் மூன்றும் உடையவர். வள்ளியம்மை காலையிலேயே ஆதார் கார்டையும் மதிவதனி கொடுத்த சீட்டையும் அவர் சட்டைப்பையில் திணித்து, "பதினோரு மணிக்குப் போயிட்டு வந்துடணும், ஆமா" என்று சொல்லித்தான் வயலுக்கு அனுப்பினாள்.

பத்தரைக்கு அறுப்பு வண்டி வந்துவிட்டது. ஈரத்தில் புதையாமல் ஓடுகிற செயின் வண்டி. நாலு நாளாகக் காத்திருந்து கிடைத்த முறை. டிரைவர் ஆத்தூர்ப் பக்கத்துக்காரர். உடையவர் நின்று பார்க்காவிட்டால் வரப்போரத்து நெல்லை விட்டுவிட்டு அடுத்தவர் வயலுக்கு ஓடுகிறவர். பஞ்சநதம் வரப்பை விட்டு நகர முடியாது. மதிவதனியோ மூன்றாவது தடவையாகப் போன் அடிக்கிறாள்.

பிறகு நடந்தது வள்ளியம்மைக்குத் தெரியாது. ஐந்து மாதம் கழித்துத்தான் தெரிந்தது. ஆனால் நாம் அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டியதில்லை.

வரப்பில் கொட்டிக்கிடந்த நெல்லைக் கூட்டிக்கொண்டிருந்த ஐயாவுவைப் பஞ்சநதம் கூப்பிட்டார். ஐயாவு சொந்தமாக நாலு மா குத்தகைக்கு எடுத்துப் பயிர் வைக்கிறவர். ஆனாலும் இருபத்தெட்டு வருஷமாகப் பஞ்சநதம் வயலுக்குத் தண்ணீர் கட்டுவதும் நாற்று விடுவதும் அவர்தான். சொசைட்டியில் உரம் வந்தால் பஞ்சநதம் பேரில் வரிசையில் நிற்பது ஐயாவு. கொள்முதல் நிலையத்தில் பஞ்சநதத்தின் நெல்லுக்குப் பக்கத்தில் சாக்கை விரித்து இரண்டு நாள் காவல் கிடப்பது ஐயாவு. ஒருதடவை, பஞ்சநதத்துக்கு ஆகாத பங்காளி வீட்டுத் துக்கத்துக்குக்கூட மாலையோடு போய் நின்றுவிட்டு வந்தது ஐயாவு. ஒருவர் பேரில் இன்னொருவர் நிற்பது அந்த ஊரில் தப்புமில்லை, அதிசயமுமில்லை.

"ஐயாவு, இந்தச் சீட்டையும் கார்டையும் எடுத்துட்டுப் போயி பள்ளிக்கூடத்துல நின்னுட்டு வாப்பா. அந்தப் பொண்ணு உசுர வாங்குது."

"ஐயா, அது நெஞ்சைப் படம் புடிக்கிறதுங்க. உரம் வாங்குற வரிசை இல்லைங்க."

"நெஞ்சுல பேரா எழுதியிருக்கு? போயிட்டு ஓடியா. இவன் வேற கெழக்கால திருப்பறான் பாரு."

ஐயாவு வாய்க்காலில் கை கால் அலம்பிக்கொண்டு போனார். அந்த நேரம் பார்த்து மதிவதனி வராத ஆட்களைப் பிடித்துவரத் தெருவுக்குள் போயிருந்தாள். வேனில் இருந்த வெளியூர்ப் பையன் கார்டைப் பார்த்தான், நம்பரைத் தட்டினான், முகத்தைப் பார்க்கவில்லை. கார்டில் இருந்த பதினைந்து வருஷத்துக்கு முந்திய முகத்தைப் பார்த்திருந்தாலும் அது யார் என்று பஞ்சநதத்துக்கே சந்தேகம்தான்.

"பேரு பஞ்சநதமா?"

"ஆமாங்க."

"சட்டையைக் கழட்டிட்டு நில்லுங்க. மூச்சை நல்லா இழுத்துப் புடிங்க."

ஐயாவு இழுத்துப் பிடித்தார். இருமல் வந்துவிட்டது. இரண்டாம் தடவை பிடித்து நின்றார். படம் விழுந்தது. கம்ப்யூட்டர் பார்த்தது. லட்சம் நெஞ்சைப் பார்த்துப் படித்ததாயிற்றே, பார்க்க வேண்டியதைச் சரியாகவே பார்த்தது. யாருடையது என்று மட்டும் அதற்குத் தெரியாது. அதற்குக் கொடுத்த பேரை அது நம்பியது.

மறுநாள் ஐயாவு தெருவுக்கு முறை. அவர் மனைவி அம்சம் போய் எடுத்துக்கொண்டு வந்து, "நீங்களும் போயி எடுத்துட்டு வாங்களேன்" என்றாள்.

"நேத்தே எடுத்தாச்சு, ஐயா பேர்ல. பேரு யாருதா இருந்தா என்ன, நெஞ்சு என்னுதுதானே. ஏதாச்சும் இருந்தா ஐயா சொல்லமாட்டாரா?"

அந்த நம்பிக்கையில் அவர் நெல்லுக்குக் காவல் இருக்கப் போய்விட்டார்.

பஞ்சநதம் அன்றைக்குச் சாப்பாட்டுக்கு வந்தபோது வள்ளியம்மை கேட்டாள், "போனீங்களா?" அவர் சோற்றில் மோரை ஊற்றிக்கொண்டே, "எல்லாம் ஆச்சு, எல்லாம் ஆச்சு" என்றார். அத்தோடு அதை மறந்தும் போனார்.

நாலாம் நாள் சிங்கப்பூரிலிருந்து போன். வீட்டில் எந்தக் கார்டுக்கும் செந்தில்குமாரின் நம்பர்தான் கொடுத்து வைத்திருந்தது. சேதி அவனுக்குத்தான் போயிருந்தது.

"அம்மா, அப்பா பக்கத்துல இருக்காரா?"

"கொல்லையில மாட்டைக் கட்டிட்டு இருக்காரு. கூப்பிடவா?"

"கூப்பிடாத. நீ தள்ளி வா." அவன் குரல் சரியில்லை. "அந்த வேன்ல அப்பாவுக்கு எடுத்த படம் வந்திருக்கும்மா. வலது பக்கம் மேல ஏதோ நெழல் மாதிரி இருக்காம். செவப்புக் கட்டம் போட்டிருக்கு. உடனே சிடி ஸ்கேன் எடுத்துப் பாக்கணும்னு இருக்கு."

"நெழல்னா என்னடா?"

"டிபியா இருக்கலாம். கட்டியா இருக்கலாம். தெரியல. நீ அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாத. பெரியப்பா கதையைப் பாத்தோம்ல."

பெரியப்பா கதை அந்த வீட்டில் சட்டம் மாதிரி. பஞ்சநதத்தின் அண்ணனுக்கு வயிற்றில் புற்று என்று ஒரு டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். மனுஷன் வீட்டுக்கு வந்து சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவர்தான், பதினோராவது நாள் போய்விட்டார். நோய் கொல்லவில்லை, சொன்னதுதான் கொன்றது என்று குடும்பத்தில் முடிவாகியிருந்தது. அன்றையிலிருந்து யாருக்கு நோயோ அவருக்கு மட்டும் தெரியக்கூடாது என்பது ஏற்பாடு.

அந்த ஏற்பாட்டில் இந்தத் தடவை ஒரு கோளாறு. 'நான் போகவே இல்லையே' என்று சொல்லக்கூடிய ஒரே ஆளிடம் யாரும் கேட்கவில்லை.

அடுத்த நாள் மதிவதனி வந்தாள். வள்ளியம்மை வாசல் படலிலேயே மறித்து, "இங்கயே நில்லு" என்றாள். வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துப் பெண்ணிடம் மற்ற நாளில் அப்படிச் சொன்னால் அதற்கு வேறு அர்த்தம் உண்டு. அன்றைக்கு நிஜமாகவே புருஷன் காதுக்கு எட்டக்கூடாது என்பதற்காகத்தான்.

"ஐயா பேரு செவப்புல வந்திருக்கும்மா. நான் அவரைப் பாத்து நாலு கேள்வி கேட்டு எழுதணும்."

"என்னைக் கேளு. முப்பத்திரண்டு வருஷமா நான்தானே சோறு போடறேன்."

"இருமல் இருக்கா?"

"இல்ல." கொஞ்சம் யோசித்து, "ராத்திரி ஒரு செருமல் உண்டு" என்றாள்.

"எடை கொறைஞ்சிருக்கா?"

வள்ளியம்மை கொல்லைப்பக்கம் திரும்பிப் பார்த்தாள். நேற்றுவரைக்கும் தொந்தியும் தானுமாக இருந்த மனுஷன் இன்றைக்கு மாட்டுக்குப் பக்கத்தில் வற்றிப்போய் நிற்கிற மாதிரி இருந்தது. "சட்டையெல்லாம் தொளதொளன்னு ஆயிட்டுதுடி" என்று சொல்லி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

தஞ்சாவூருக்குக் கூட்டிப்போனது பெரிய நாடகம். சுகருக்குப் புது டெஸ்ட் என்று சொன்னார்கள். ஸ்கேன் அறைக்குள் போய்விட்டு வந்த பஞ்சநதம் எரிந்து விழுந்தார்.

"சுகருக்கு எதுக்குடி குகைக்குள்ள படுக்கணும்?"

"ஒடம்புல எங்கெங்க சக்கரை சேந்திருக்குன்னு அதுல தெரியுமாம்."

"அதுக்கு எறும்பை விட்டாப் போதுமே."

அவள் சிரிக்கவில்லை. கைப்பைக்குள் புன்னைநல்லூர் மாரியம்மன் குங்குமப் பொட்டலத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மாவிளக்கு போடுகிறேன், இருபத்தொரு பேருக்கு இலை போடுகிறேன், ஆளை மட்டும் கொடுத்துவிடு என்று வேண்டியிருந்தாள்.

டாக்டர் அனீஸா சின்ன வயசு. வள்ளியம்மை மட்டும் முன்னாலேயே உள்ளே போய், "அவருக்கு எதுவும் தெரியாதும்மா" என்று சொல்லி வைத்திருந்தாள். டாக்டர் ஒரு கையில் ஸ்கேன் படத்தையும் இன்னொரு கையில் போனையும் வைத்துக்கொண்டு மாறி மாறிப் பார்த்தார். போனில் செந்தில்குமார் அனுப்பிய வேன் படம்.

"ஸ்கேன்ல ஒண்ணுமே இல்லம்மா. உங்க வீட்டுக்காரருக்கு நுரையீரல் சுத்தமா இருக்கு."

வள்ளியம்மை குங்குமப் பொட்டலத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மற்றதெல்லாம் காதில் பாதிதான் விழுந்தது. டாக்டர் பேசிக்கொண்டே போனார்.

"ஆனா எனக்கு ஒண்ணு புரியல. கம்ப்யூட்டர் சில சமயம் இல்லாததை இருக்குன்னு சொல்லும். சட்டைப் பித்தானைக்கூட கட்டின்னு சொல்லியிருக்கு. இது அந்த மாதிரி இல்ல. இந்தப் படத்துல, அது கட்டம் போட்ட எடத்துல, நெசமாவே ஒண்ணு இருக்கு. ஒண்ணரை சென்டிமீட்டர். இவ்வளவு சின்னதா இருக்கறப்பவே புடிச்சதே பெரிசு. படம் ஆள் மாறியிருக்குமா?"

"ஆதார் கார்டு வச்சுத்தான் எடுத்தாங்க டாக்டர்."

"அவரைக் கூப்பிடுங்க. ரெண்டே கேள்விதான் கேப்பேன்."

வள்ளியம்மை எழுந்துபோய் டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேணாம் கண்ணு. நீ படம்னு ஆரம்பிச்சாலே அவருக்குப் புரிஞ்சுடும். அதான் ஒண்ணுமில்லன்னு வந்துட்டுதே. ஒன்னைய என் மவளா நெனச்சுக் கேக்கறேன்."

கதவுக்கு வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள். டாக்டர் ஒரு தாளில் நாலு வரி எழுதிக் கொடுத்தார். "இதை உங்க ஊர் ஹெல்த் பொண்ணுகிட்ட குடுங்க. அன்னிக்கு எடுத்த ஆள் யாருன்னு கட்டாயம் சரிபாக்கச் சொல்லி எழுதியிருக்கேன். இது யாருதோ, அவங்களுக்கு இது முக்கியம்மா."

"குடுத்துடறேன் டாக்டர்" என்றாள். அப்போது அவள் வேறு எதற்கும் சரி என்று சொல்லியிருப்பாள். வெளியே வந்து புருஷனுக்கு ரவா தோசையும் காப்பியும் வாங்கிக் கொடுத்தாள். சுகர் உள்ளவருக்குக் காப்பியில் சர்க்கரை போடச் சொன்னாள். பஞ்சநதம் அதிசயமாகப் பார்த்துவிட்டு, வாயைத் திறந்தால் பறிபோய்விடும் என்று குடித்து முடித்தார்.

வீட்டுக்கு வந்ததும் தாள் ஞாபகம் வந்தது. புருஷன் பேர் போட்டு, படம் கிடம் என்று எழுதியிருக்கிறது. மதிவதனி கையில் கொடுத்தால் அவள் அதைத் தூக்கிக்கொண்டு நேரே அவரிடம் வந்து நிற்பாள். பீரோவில் கூறைப்புடவைக்கு அடியில் வைத்துவிட்டாள். மதிவதனியிடம் ஸ்கேன் ரிப்போர்ட்டை மட்டும் காட்டினாள். மதிவதனி போனில் நார்மல் என்று போட்டாள். சிவப்பாக இருந்த பேர் பச்சையாகிவிட்டது.

"மிஷின் பொய் சொல்லிட்டுதுடி பொண்ணே. என் ஈரக்கொலையே ஆடிப்போச்சு" என்றாள் வள்ளியம்மை. மதிவதனி மாத்திரைப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். வீடு வீடாகப் போய்ப் பெருமை பேசியவள் அவள்தானே. பிறகு அந்தப் பேச்சை எடுப்பதையே விட்டுவிட்டாள்.

ஐப்பசியில் மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை இருபத்தொரு பேருக்கு இலை போட்டாள். வடை, பாயசம், சர்க்கரைப் பொங்கல், வாழைக்காய்ப் பொரியல், வெண்டைக்காய் சாம்பார். ஐயாவுவும் அம்சமும் வந்திருந்தார்கள்.

"என்ன விசேஷங்கம்மா?" என்று அம்சம் கேட்டாள்.

"ஒரு வேண்டுதலு. நல்லபடியா முடிஞ்சுது."

ஐயாவு இலையில் பாதி அப்படியே இருந்தது. "என்ன ஐயாவு, பொங்கல் புடிக்கலையா?"

"நல்லாருக்கும்மா. கொஞ்ச நாளா ரெண்டு வாய்க்கு மேல எறங்கல. பனி ஒத்துக்கல போலருக்கு. தாளடி நடவு முடிஞ்சாச் சரியாப்பூடும்."

"ஆடாதொடை எலையைப் பறிச்சு மொளகு போட்டுக் காய்ச்சிக் குடி. வாய்க்கா ஓரமா மண்டிக் கெடக்குதே."

அவர் குடித்தார். நடவு முடிந்தது, சரியாகப் போகவில்லை. கார்த்திகையில் மதிவதனி மாத்திரை கொடுக்கப் போன இடத்தில் அவர் இருமலைக் கேட்டு நின்றாள். "நீங்க வேன்ல படம் எடுக்கலையேண்ணே. லிஸ்டுல ஆப்சென்ட்டுனு இருக்கு. பாபநாசம் ஆஸ்பத்திரிக்கு வாங்க, எடுத்துடலாம்."

"அதெல்லாம் எடுத்தாச்சும்மா. நல்லாத்தான் இருக்கு."

"எப்ப எடுத்தீங்க?"

ஐயாவு சிரித்து மழுப்பினார். யார் பேரில் எடுத்தோம் என்று சொன்னால் பஞ்சநதத்துக்கு அசிங்கம். அவர் சொல்லவில்லை. மதிவதனியும், தன் வேன் சொன்ன லட்சணம்தான் தெரியுமே என்று விட்டுவிட்டாள்.

பொங்கலுக்கு அவர் பஞ்சநதம் வீட்டுக்குக் கரும்பு கொண்டுவந்தபோது வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. சம்பா அறுப்பில் வரப்பில் உட்கார்ந்தவரால் எழுந்திருக்க முடியவில்லை. மாசி பிறந்த மூன்றாம் நாள் இருமலில் ரத்தம் வந்தது. அம்சம் அவரைத் தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

இரண்டு நாள் கழித்துப் பஞ்சநதம் போய்ப் பார்த்துவிட்டு மறுநாள் மத்தியானம் திரும்பினார். வள்ளியம்மை கூடத்தில் புளி உடைத்துக்கொண்டிருந்தாள். ஓடு ஒரு பக்கம், கொட்டை ஒரு பக்கம். அவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் தூணில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"நெஞ்சுல கட்டியாம் வள்ளி. எட்டு சென்டிமீட்டராம். முத்திப்போயி ஈரலுக்கும் எலும்புக்கும் ஏறிடுச்சாம். ஆபரேசன் கெடையாதுன்னுட்டாங்க. பாவம் அம்சம், சுவத்துல தலையை முட்டிக்கிட்டு நிக்குது."

"அடப்பாவமே. முன்னாடியே தெரியலையா?"

"அதான் எனக்கும் ஆறல. அந்த வேன்ல எடுத்தானே, அப்பவே சொல்லியிருக்கணும்ல? ஒண்ணும் சொல்லலையே. மிஷினாம் மிஷினு."

"எந்த வேன்ல? அவன் எங்க எடுத்தான்?"

"பள்ளிக்கூடத்து வேன்தான். அன்னிக்கு செயின் வண்டி வந்துட்டுது, நான் எங்க போறது? என் பேர்ல அவன்தானே போயி நின்னான்."

வள்ளியம்மையின் கையில் ஒரு புளியங்கொட்டை இருந்தது. அதை எந்தப் பக்கம் போடுவது என்று தெரியாமல் வைத்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க போனேன்னு சொன்னீங்க."

"ஆச்சுன்னு சொன்னேன். ஏன், அதுக்கு இப்ப என்ன?"

"ஒண்ணுமில்ல" என்றாள். எழுந்துபோய் பீரோவைத் திறந்து கூறைப்புடவைக்கு அடியில் கையை விட்டாள். தாள் இருந்தது. இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. கடைசி வரிக்கு அடியில் டாக்டர் அழுத்தி இரண்டு கோடு போட்டிருந்தது மட்டும் தெரிந்தது.

கொல்லைக்குப் போய் மகனுக்குப் போன் போட்டாள். எல்லாவற்றையும் சொன்னாள்.

"அந்தப் படம் இன்னும் இருக்காடா?"

"இருக்கும்மா."

"ஒண்ணரைதானே?"

"ஒண்ணரை."

"இப்ப எட்டாம்." இன்னும் கையில் இருந்த கொட்டையைப் பார்த்தாள். "நாம அப்பாகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா..."

"அம்மா, அழுவாத. யாருகிட்டயும் சொல்லிடாத. ஆள்மாறாட்டம் அது இதுன்னு அப்பாவை இழுத்துடுவாங்க. இப்ப சொல்லி ஆஸ்பத்திரில கெடக்கறவருக்கு என்ன ஆவப்போவுது?"

ஆனாலும் மறுநாள் காலையில் குழையக் குழையச் சோறு வடித்து, மிளகு ரசம் வைத்து, பருப்புத் துவையல் அரைத்து, தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். அம்சத்தைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட வேண்டும். காலில் விழ வேண்டும் என்றால் விழுந்துவிட வேண்டும். குடமுருட்டிப் பாலம் தாண்டியதிலிருந்து எப்படி ஆரம்பிப்பது என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். பக்கத்து ஸீட்டுக்காரி என்ன என்று திரும்பிப் பார்க்கிற அளவுக்கு உதடு அசைந்தது.

வார்டு வாசலிலேயே அம்சம் வந்து மறித்தாள். முகம் வீங்கியிருந்தது.

"அம்மா, அவருக்கு எதுவும் தெரியாது. சளிக்கட்டுன்னு சொல்லி வச்சிருக்கோம். நீங்க பாட்டுக்கு ஏதாச்சும் சொல்லிடாதீங்க."

வள்ளியம்மை தலையாட்டினாள்.

ஐயாவு கட்டிலில் சாய்ந்திருந்தார். ஆள் பாதியாகியிருந்தார். எழுந்து உட்காரப் பார்த்தார்.

"படு, படு. எனக்கு என்ன மரியாதை வேண்டியிருக்கு."

"உளுந்து எப்படிம்மா இருக்கு? மேலக் கட்டளை வயல்ல பூச்சி விழுந்திருந்துச்சு."

"மருந்து அடிச்சாச்சு. நீ ஒண்ணையும் நெனச்சுக்காத."

இரண்டு வாய் ரசஞ்சோறு தின்றார். மூன்றாவதுக்குக் கையைக் காட்டிவிட்டார். கொஞ்ச நேரம் மூச்சு வாங்கியபடி மேலே ஓடுகிற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணு கேக்கணும்னு இருந்தேம்மா. ஐயாவைக் கேட்டா சங்கடப்படுவாரு. புரட்டாசில ஐயா பேர்ல நான் போயி படம் எடுத்தேன்ல. அதுல என்னான்னு வந்துச்சு?"

அம்சம் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு வள்ளியம்மையையே பார்த்தாள்.

"ஒண்ணும் வரல ஐயாவு."

"நல்லாருக்குன்னா?"

"நல்லாருக்குன்னுதான் வந்துச்சு. செந்திலு போனுக்கு வந்துச்சு. பச்சைக் கட்டம் போட்டு."

"அதான பாத்தேன்." அவர் கண்ணை மூடிக்கொண்டார். "அவ்வளவு படிச்ச மிஷினு. இருந்தா விட்டிருக்குமா. அப்ப இது நடவுல புடிச்ச சளிதான். கரைஞ்சுடும்."

அவர் தூங்கியதும் இரண்டு பேரும் வெளியே வந்தார்கள். தாழ்வாரத்தில் ஈரத்துணி காய்ந்துகொண்டிருந்தது. வள்ளியம்மை தூக்கைக் கீழே வைத்துவிட்டு, "அம்சம்" என்றாள்.

அம்சம் அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"நெசமாத்தானேம்மா சொன்னீங்க? அவருக்காகச் சொல்லலையே? புரட்டாசில ஒண்ணுமில்லதானே?"

வள்ளியம்மை வாயைத் திறந்தாள்.

"டாக்டரு தெனம் கேக்கறாரும்மா, அஞ்சு மாசத்துக்கு முன்னாடி எங்க போயிருந்த, அப்பக் கூட்டியாந்திருந்தா அறுத்து எடுத்திருக்கலாமேன்னு. நான்தானே பக்கத்துல படுத்துக் கெடந்தேன். ராப்பகலா இருமறாரு, கசாயம் வச்சுக் குடுத்துக்கிட்டு இருந்திருக்கேன். நான்தான் கொன்னுட்டேன்னு நாலு நாளா பச்சத்தண்ணி எறங்கலம்மா. அப்பவே படம் எடுத்து, அதுல ஒண்ணுமில்லன்னா... அப்ப நான் விட்டுடல. இல்லையா? அதுக்கப்புறம் வந்ததுதானே இது?"

அவள் விரல்கள் வள்ளியம்மையின் மணிக்கட்டில் பதிந்திருந்தன. விடுவதாக இல்லை.

"அதுக்கப்புறம் வந்ததுதான்" என்றாள் வள்ளியம்மை.

அம்சம் அப்படியே சுவரோரமாகச் சரிந்து உட்கார்ந்து அழுதாள். வெகுநேரம் அழுதாள். பிறகு முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டு, புருஷன் மிச்சம் வைத்த தூக்கைக் கிட்டே இழுத்தாள். மூடியில் எடுத்துப் பிசைந்தாள். ஒரு வாய் தின்றாள். இன்னொரு வாய். துவையலை வழித்துத் தொட்டுக்கொண்டு வேகவேகமாகத் தின்றாள்.

"உப்பு சரியா இருக்கா?" என்று கேட்டாள் வள்ளியம்மை.

வாய் நிறையச் சோறு இருந்ததால் அம்சம் தலையை மட்டும் ஆட்டினாள். வள்ளியம்மை பக்கத்தில் உட்கார்ந்து, தூக்கின் அடியில் கிடந்ததை விரலால் வழித்து, அவள் மூடியில் போட்டாள்.